பெயர் ஒட்டிய பேட்டரி

கே.கே. நகர்,
6.10.2025

திருமதி நஸ்ருன்னிசா அவர்களுக்கு,

புகாரை எழுத்தில்தான் தர வேண்டும் என்று நம் மாடல் விமான கிளப் செயலாளர் பொன்ராஜ் சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கடிதம். நகல் அவருக்கும் போகிறது.

ஆயுத பூஜை அன்று காலை, என் விமான ரிமோட்டுக்குள் நீங்கள் கட்டிக் கொடுத்த லித்தியம் பேட்டரி பூரி மாதிரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு புகைந்தது. பூஜையில் வைக்கக் கையில் எடுத்த நேரம். பால்கனிக்கு ஓடி மண் தொட்டியில் போட்டேன்.

நேற்று மைதானத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பத்துப் பேர் உங்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழையபடி பென்சில் செல்லுக்குப் போய்விட்டார்கள்.

இப்படிக்கு,
ரத்னா

திருவல்லிக்கேணி,
9.10.2025

ரத்னா,

'அவர்களுக்கு' எப்போதிலிருந்து? பதினோரு வருஷமாக "இன்னாடி நஸ்ரு" என்று கூப்பிட்டவள்தானே நீ? கையில் சுட்டுக்கொண்டாயா இல்லையா, அதைக்கூட எழுதவில்லை.

என் லேப்டாப் பேட்டரிக் கடைக்கு வருகிறவர்கள், "கடைல ஆம்பள யாரும் இல்லியா?" என்று கேட்பார்கள். பேட்டரியில் ஒட்டியிருக்கும் என் பெயரைக் காட்டுவேன். நம்பர் போட்டுப் பெயர் ஒட்டித்தான் எதையும் வெளியே அனுப்புவேன். ரிமோட் பேட்டரியில் முதல் நம்பர் உனக்குக் கொடுத்தது. அந்தப் பெயரைத்தான் பத்துப் பேர் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். வலிக்கிறதடி.

இரண்டே கேள்வி. எந்த சார்ஜரில் போட்டாய்? ரிமோட்டில் சார்ஜ் போடும் ஓட்டையை மூடிச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தேனே, அது எங்கே? அந்த ஓட்டையும் பழைய சார்ஜரும் பழைய வகை பேட்டரிக்கு. லித்தியம் நிரம்பினால் நிறுத்த அதற்குத் தெரியாது. பேட்டரியை வெளியே எடுத்து, நான் தந்த சார்ஜரில், கண் முன்னால்தான் போட வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

என் வேலையில் தப்பு இருந்தால் அதே மைதானத்தில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். இல்லையென்றால், எங்கே நின்று சொன்னாயோ அங்கேயே நின்று நீ சொல்ல வேண்டும்.

உப்பின பேட்டரியைக் குத்தாதே, அழுத்தாதே, குப்பையில் போடாதே. மண்ணிலேயே கிடக்கட்டும்.

கோபம் தீராத,
நஸ்ரு

கே.கே. நகர்,
13.10.2025

என் நஸ்ரு,

நானாவது டேப்பைப் பிய்ப்பதாவது என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பூஜைக்குத் துடைத்த துணியை உதறினேன். அதில் உன் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முந்தின நாள் ஸ்கூட்டர், மிக்ஸி, கத்தரிக்கோல் என்று ஒன்றையும் விடாமல் துடைத்தேன். ரிமோட்டில் டேப் அழுக்காகத் தெரிந்தது, உரித்துப் போட்டேன். எங்கள் வீட்டுப் பூஜையில் எதையும் காலியாக வைக்கமாட்டோம். படியில் அரிசி நிறைய, சொம்பில் தண்ணீர் நிறைய. ரிமோட்டும் நிறைந்திருக்கட்டும் என்று தோன்றியது. ஓட்டை எதிரே தெரிந்தது, பழைய சார்ஜர் அலமாரியில் இருந்தது. சொருகிவிட்டுச் சுண்டலுக்குக் கடலை ஊறப்போடப் போனவள்தான், மறுநாள் காலைதான் திரும்பிப் பார்த்தேன்.

தப்பு என்னுடையது. எழுத வெட்கமாக இருக்கிறதடி. நவம்பர் 16 போட்டியில் எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்கிறேன். நீயும் வர வேண்டும்.

கை நன்றாக இருக்கிறது.

உன்,
ரத்னா

திருவல்லிக்கேணி,
8.11.2025

அன்புள்ள ரத்னா,

கை நன்றாக இருக்கிறது என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போட்டிக்கு வரமாட்டேன். எதிரே நான் நின்றால் எனக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். போன வாரம் உன் ரிமோட்டைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டேனே, பழுது பார்த்து, உள்ளே புதுசு கட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நம்பர் நாற்பத்திரண்டு. பெயர் ஒட்டவில்லை, ஸ்டிக்கர் இந்த உறைக்குள் இருக்கிறது. மனசு ஒப்பினால் நீயே ஒட்டிக்கொள்.

இன்னொன்று. பறக்கவிடாத நாட்களில் லித்தியத்துக்குப் பாதி சார்ஜ்தான் நல்லது. உன் சாமியிடம் நான் சொன்னதாகச் சொல்.

நஸ்ரு

கே.கே. நகர்,
17.11.2025

என் தங்கமே நஸ்ரு,

இரண்டாம் இடம்! அதைவிடப் பெரிய சேதி கேள்.

மைக்கை வாங்கிச் சொன்னேன். டேப்பை உரித்தது, பழைய சார்ஜரைச் சொருகியது, உன்மேல் பழி போட்டது, ஒன்றையும் விடவில்லை. பொன்ராஜ் முதல் ஆளாக எழுந்து, பையிலிருந்து உன் பேட்டரியை எடுத்து மாட்டினார். மற்றவர்களும் மாட்டினார்கள், ஒருவர் பாக்கியில்லை. சுற்று முடிந்ததும் பெங்களூரிலிருந்து போட்டிக்கு வந்தவர், "இந்த பேட்டரி யார் கட்டினது?" என்று கேட்டார். உன்னைப் போலவே பெயரைக் காட்டினேன். அப்போது எனக்கு வந்த பெருமை, கோப்பை வாங்கும்போதுகூட வரவில்லையடி.

ஸ்டிக்கரை உள்ளே ஒட்டவில்லை. வெளியே, ரிமோட்டின் நெற்றியில், பூஜைக்குப் பொட்டு வைக்கும் இடத்தில் ஒட்டிவிட்டேன். அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டை வேறெங்காவதுதான் வைக்க வேண்டும்.

உன்,
ரத்னா