மிஞ்சினால் பூசாரிக்கு

இன்று இலஞ்சியிலிருந்து அத்தை வந்திருந்தாள், உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு. மகள் ஞாபகத்துக்கு உன் சேலை ஒன்று வேண்டுமாம். பீரோவைத் திறந்ததும் பூஞ்சை வாடை. சாரல் மாதத்தில் எதுவும் காய்வதில்லை. சேலைகளுக்கு அடியில் அந்தக் கட்டம்போட்ட தாள் கிடந்தது. மேலே உன் எழுத்தில் ‘பூசாரி’. ஓரத்தில் என் எழுத்தில் ஒரு பட்டியல்.

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த உன் அண்ணன் லீவுக்குக் கொண்டுவந்த ஆட்டம் அது. தாளில் ஆளுக்கொரு வேஷத்தை உருவாக்கி, பகடை உருட்டி, அந்த ஆளாகவே பேசிக்கொண்டு குகைக்குள் போக வேண்டும். நான் வாள்வீரன் ஆனேன். நீ, காயம் ஆற்றும் பூசாரியை எடுத்தாய்.

“ஏட்டி, பூசாரி வாளத் தொடக்கூடாது. கதாயுதம் மட்டுந்தான்” என்றார் அண்ணன்.

“நல்லதாப் போச்சு. அம்மிக் கொழவி தூக்குத கைதானண்ணே.”

காயம் ஆற்றும் மந்திரம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். மின்சாரம் குறைந்தால் எந்த ஊரை முதலில் நிறுத்துவது என்று துணைமின் நிலையத்தில் பட்டியல் போடுகிறவன் நான். இங்கேயும் போட்டேன். முதலில் வாள்வீரனுக்கு, அடுத்தது குகையில் எங்களுக்கு விளக்குப் பிடிக்கும் கூலியாளுக்கு, மிஞ்சினால் பூசாரிக்கு.

மூன்றாம் நாள் ஆட்டத்தில் எனக்கு ஒரு கீறல். உன் பூசாரிக்கு ஒரு புள்ளி உயிர்தான் பாக்கி.

“ஒனக்கே போட்டுக்கோட்டி, செத்துருவ” என்றார் அண்ணன். நீ என்னைப் பார்த்தாய்.

“பட்டியல்ல என்ன இருக்கோ அதச் செய்யி” என்றேன்.

எனக்குப் போட்டாய். அடுத்த உருட்டலில் ஒரு எலி கடித்துப் பூசாரி செத்தாள். “எலி கடிச்சா? மானமே போச்சு!” என்று நீதான் முதலில் சிரித்தாய். சிரித்துக்கொண்டே எங்களுக்குத் தோசை சுடப் போனாய்.

போன ஐப்பசியில் எனக்குச் சளி. வேளைக்கொரு கஷாயம் வந்தது. டம்ளரை வாங்கும்போது உன் விரல் சுட்டது. கஷாயத்தின் சூடு என்று நினைத்தேன். ஒன்பது நாள். “இத்தன நாளா என்ன செஞ்சீங்க?” என்று உன்னைப் பார்த்த தென்காசி டாக்டர் கேட்டார். குடித்துக்கொண்டிருந்தேன், குணமாகிக்கொண்டிருந்தேன்.

துக்கத்துக்கு வந்த எல்லோரும் ஒரே புகழ்ச்சி, தனக்கென்று எதுவும் கேட்காத பிள்ளை என்று. கேட்கக் கேட்கக் காது கூசியது.

இன்று அத்தையும் அதையே சொன்னாள். “இவளும் அக்கா மாதிரித்தான், நாஞ் சொல்லுதேன்லா மாப்ள. காய்ச்சல் வந்தாக்கூட வாயத் தொறக்க மாட்டா. வருசம் கழியட்டும், கல்யாணத்த முடிச்சிருவோம்.”

ஒரு நொடி, வீட்டில் மறுபடி ஒருத்தி நடமாடுவாள், சுடச்சுட ஏதாவது கைக்கு வரும் என்று மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அந்த நொடியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அத்தையை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

“வேண்டாம் அத்த. அவளுக்குக் காய்ச்சல் வந்தா ஊரே கேக்கக் கத்தச் சொல்லுங்க.”

“இதென்ன பேச்சு மாப்ள?” சேலையை எடுக்காமலே அத்தை எழுந்து போனாள். உன் தங்கை மட்டும் படியில் நின்று திரும்பினாள். “நான் கத்துவேன் அத்தான்.”

வேண்டாம். டம்ளரை நீட்டிய உன்னிடம் இந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் இருந்தது.