நானூற்றுப் பதினொரு பாட்டும் ஒரு பதிலும்

தூர தேசத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி டைப்ரைட்டரில் தட்டி அனுப்புவது.

நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம். ஐந்தாம் மாதம் நடக்கிறது, நேற்றிலிருந்து லேசாக அசைவு தெரிகிறது. உங்கள் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நலம். நலம் விசாரிப்பு இதோடு போதும். பிறக்கப்போகிற பிள்ளை என்னிடம் வளருமா, உங்கள் அக்காவிடம் வளருமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என்னிடம்தான் வளரும். முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி மற்றதைப் படியுங்கள்.

ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன். கண் தெரியாதவள் அடிக்கிற கடிதம், எழுத்து முன்னேபின்னே இருக்கும். திரும்பப் படித்துத் திருத்த எனக்கு வழியில்லை. வழக்கம்போலக் கேசட்டில் பேசி அனுப்பலாம் என்றால், டேப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டதாகப் போனில் பெருமையாகச் சொன்னீர்கள். அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். உங்களுக்குக் கண் இருக்கிறது. இதைப் படிக்க நீங்கள் யாரிடமும் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நான் நின்றேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய பாட்டு மெஷின் வந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பாட்டுக்காக இல்லை. பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று நான் கேசட்டில் சொல்லி அனுப்பியதற்கு உங்கள் பதில் அதற்குள் இருக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் நான் இந்தப் பக்கம், உங்கள் அக்கா அந்தப் பக்கம். நம் இரண்டு பேர் பேச்சு என்று ஒன்று உண்டென்றால் அது கேசட்டில்தான். நீங்கள் லீவில் வந்துபோகிற நாட்களை விட்டால், நான்கு வருஷமாக அப்படித்தானே நடக்கிறது. எந்தப் பக்கம் முதல் பக்கம் என்று தெரிய நீங்கள் கேசட் மூலையில் பிளேடால் ஒரு கீறல் போட்டு அனுப்புவீர்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். நீங்கள் எங்கே இருமுவீர்கள் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

இந்த மெஷினில் கீறலும் இல்லை, மேடும் இல்லை. கரைந்துபோன சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கிறது. நடுவில் ஒரு வட்டம். அதைச் சுற்றினால் எழுத்து ஓடுமாம், பார்த்து நிறுத்த வேண்டுமாம். உன் பேரிலேயே போட்டிருக்கிறேன், பார்த்தவுடனே தெரியும் என்றீர்கள். பார்த்தவுடனே. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. அந்த வார்த்தை உங்கள் வாயில் எப்படி வந்தது என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

முதல் மூன்று நாள் அது வாயையே திறக்கவில்லை. தட்டினேன், அமுக்கினேன், தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். கடைசியில் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வாங்கிப் பார்த்துவிட்டு, மேலே பொடிசாக ஒரு பூட்டு இருக்கும்மா, அது தள்ளிக்கிட்டிருக்கு என்றார். அதைத் தள்ளியதும் பாடியது. அரைப் பாட்டு பாடிவிட்டுச் செத்துப்போனது. சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றால் சுவரில் சொருக முடியாதாம், கம்ப்யூட்டர் வேண்டுமாம். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று ஆகிவிட்டது என் பிழைப்பு.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் ஒரு அக்கா இருக்கிறார். எந்நேரமும் மெல்லுகிறதால் எல்லாரும் சுவிங்கம் அக்கா என்போம். அவர்தான் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு ஐட்டம் காட்டுது, எது வேணும் சொல்லு, எடுத்துத் தரேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். புருஷன் பேசுவதை இன்னொருத்தர் தேடித் தந்து கேட்கிற நிலைமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். அது என் திமிர். அந்தத் திமிருக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நானே தேடுகிறேன் என்று உட்கார்ந்தேன். வட்டத்தின் வலது ஓரத்தை அமுக்கினால் அடுத்த பாட்டு என்று கண்டுபிடித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு தானே, ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனால் எப்படியும் உங்கள் குரல் வந்துவிடும். இடைவேளையில் அமுக்கினேன், பஸ்ஸில் அமுக்கினேன், துணி ஊறுகிற நேரத்தில் அமுக்கினேன். இருநூற்று முப்பதாவதில் இருக்கும்போது முன்னே கேட்ட பாட்டே திரும்ப வந்தது. அதற்கப்புறம் இன்னொன்றும் வந்தது. அது பாட்டுகளைக் கலைத்துப் போட்டுப் பாடுகிற மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு நாள் முந்நூறைத் தாண்டியபோது உள்ளே கரகரவென்று ஏதோ சுற்றியது, அப்படியே நின்றுவிட்டது. மறுபடி உயிர் வந்தபோது முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தது. அன்றைக்கு அதைச் சுவரில் அடித்திருப்பேன். உள்ளே நீங்கள் இருக்கிறீர்களே என்று விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள் உங்கள் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி, உங்க தம்பி பேசினது இதுல இருக்கு, எடுத்து என் காதுல வச்சிடுங்க என்றேன். அவர் அடுப்படியில் நின்றபடியே தேடினார். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தன் காதில் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டவர் கழற்றவில்லை.

டேப் என்றால் அறை முழுக்கக் கேட்கும். இது காதுக்குள் வைத்தவருக்கு மட்டும்தான். நான் கையெட்டும் தூரத்தில் நிற்கிறேன், நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து காதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அந்த ஆறு நிமிஷம் எனக்குக் காதும் இல்லாமல் செய்துவிட்டீர்கள். அவர் மூச்சு மாறியது மட்டும் தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சினார். என்ன அண்ணி என்று கேட்டேன். ரொம்ப சந்தோஷமாம், உடம்பைப் பார்த்துக்கச் சொன்னான், அதுக்குள்ள சார்ஜ் போயிடுச்சு என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். மெஷினையும் அவரே வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீங்கள் போனில் கேட்டீர்கள், நான் பேசினது கேட்டியா, உனக்குச் சரிதானே என்று. பக்கத்தில் உங்கள் அக்கா நிற்கிறார். இன்னும் கேட்கவில்லை என்றால் உங்களுக்கு மனசு கஷ்டப்படும், வாங்கி அனுப்பியதற்குக் குறை சொன்ன மாதிரி ஆகும். சந்தோஷம் என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள், அதற்கென்ன என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். எனக்குத் தெரியும் அது நிம்மதி மூச்சு என்று. எதற்கு இவ்வளவு நிம்மதி என்று மட்டும் புரியவில்லை.

மறுநாளே மாடியில் உங்கள் அக்கா அறையிலிருந்து பெயிண்ட் வாசனை வந்தது. கேட்டால் சும்மாத்தான் என்றார். இரண்டு நாள் கழித்துத் தொட்டில் ஒன்று படியேறிப் போனது. மரம் சுவரில் இடிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா. அதற்கும் மறுநாள் பக்கத்து வீட்டு டீச்சர் பஸ் ஸ்டாப்பில் என் தோளைத் தட்டி, நீ ரொம்பப் பெரிய மனசுக்காரிம்மா, பெத்த பிள்ளையை நாத்தனாருக்கு விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும் என்றார். எனக்குக் காலுக்குக் கீழே படி இல்லாத மாதிரி இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போய், ஃபிரிட்ஜ் மேலிருந்து மெஷினைத் தடவி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். சுவிங்கம் அக்காவிடம், என் பேர்ல இருக்கிறதை எடுத்து எங்காதுல வைங்க, நீங்க கேட்காதீங்க என்றேன். அவர் எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காதில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவையும் சாத்தினார். அந்நிய மனுஷி அவர்.

கேட்டேன். நாலு தடவை கேட்டேன். குழந்தை பிறந்ததும் அக்கா அறையிலேயே இருக்கட்டும், அவங்களுக்கும் பதினஞ்சு வருஷ ஏக்கம், நீ பால் குடுத்தா போதும், பள்ளிக்கூடம் போற வயசானதும் உங்கிட்ட வரட்டும் என்கிறீர்கள். உன்னால எப்படி முடியும், எனக்கு நினைச்சாலே பயமா இருக்கு என்கிறீர்கள். அதையாவது மன்னிப்பேன். கடைசியில் ஒன்று சொன்னீர்கள் பாருங்கள். உனக்குத்தான் இந்த மெஷின் இருக்கே, ஆயிரம் பாட்டு போடலாம், பொழுது போறதே தெரியாது என்று. பிள்ளையை வாங்கிக்கொண்டு கையில் பாட்டுப் பெட்டியைக் கொடுக்கிறீர்களா? நான் என்ன கிள்ளுக்கீரையா?

என்னால் என்ன முடியும் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றால் சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரியில் இருநூறு லைன் என் விரலில் இருக்கிறது. எந்த டாக்டர் தூக்கத்திலிருந்து பேசுகிறார், எந்த டாக்டர் பொய் சொல்கிறார் என்று ஹலோ சொல்லும்போதே தெரியும். அடுப்பில் பால் பொங்கப்போவது சத்தத்திலேயே எனக்குத் தெரியும். உங்கள் அக்கா பார்த்துக்கொண்டே நின்று இந்த மாதத்தில் மூன்று தடவை பொங்கவிட்டிருக்கிறார். காய்ச்சல் கைக்குத் தெரியும், பசி அழுகை எது வலி அழுகை எது என்று காதுக்குத் தெரியும். தெரியாததை இங்கே இருக்கிற நர்ஸ் அம்மாக்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருந்து பாட்டிலுக்கு என்ன அடையாளம் கட்டுவது, தவழ ஆரம்பித்தால் காலில் என்ன மணி கட்டுவது என்று எல்லாம் யோசித்தாகிவிட்டது. நீங்கள் யோசித்தது பெயிண்ட் அடிக்கிற அறையை மட்டும்தான்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. உங்களுக்கும் பயம் என்றால் அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமாகச் சேர்ந்து பயப்பட்டிருக்கலாம். என்னைத் தாண்டி ஒரு முடிவை எடுத்து, அதை எனக்கு எட்டாத இடத்தில் வைத்து அனுப்பி, அதற்கு என்னிடமே சரியும் வாங்கிவிட்டீர்கள்.

நேற்று உங்கள் அக்காவிடம் பேசிவிட்டேன். சண்டை எல்லாம் இல்லை. பிள்ளை என் கட்டிலில்தான் படுக்கும் அண்ணி, நீங்க எப்ப வேணும்னாலும் வந்து தூக்கிக்குங்க, குளிப்பாட்டுங்க, கொஞ்சுங்க, ஆனா தொட்டில் கீழே வரணும் என்றேன். அவனும் சொன்னான், நீயும் சரின்னு சொன்னியே, என் காதால கேட்டேனே என்றார். அப்புறம் அழுதுவிட்டார். அவர் என்னிடம் மறைத்தது தப்புதான். ஆனாலும் அவர் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தவரின் மடியில் பிள்ளையைத் தூக்கிப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்பாரா? அவருக்கு ஆசை காட்டியது நீங்கள். இல்லை என்று சொல்லவேண்டியதும் நீங்கள். அந்தப் பாவத்தை என் தலையில் கட்டாதீர்கள்.

நான் போனில் சொன்ன சரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் அது, செல்லாது.

இந்தக் கடிதம் கிடைத்த மறு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் அக்காவைக் கூப்பிடுங்கள். நான் பக்கத்தில் நிற்பேன். நான் தப்பா முடிவு பண்ணிட்டேன் அக்கா, பிள்ளை அம்மாகிட்டதான் வளரணும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பூசி மெழுக வேண்டாம். பிறகு எங்கேயாவது தேடி ஒரு பழைய டேப் வாங்குங்கள். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதைக் கேசட்டில் சொல்லி அனுப்புங்கள். மெஷினைத் திருப்பி அனுப்புகிறேன். நானூற்றுப் பதினொரு பாட்டையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள், போனில் தொண்டை கட்டியிருந்தது. கோபம் கோபம்தான், அதற்காக உங்களுக்கு ஒன்றென்றால் என்னால் தாங்க முடியாது.

இன்னும் ஒன்று. அந்த மெஷினோடு மல்லுக்கட்டிய பதினோரு நாளும், பஸ்ஸில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உங்கப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம், என்னன்னு சொல்றார்னு நாளைக்குக் கேட்டுச் சொல்றேன் என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அதுதான் நான் அதனிடம் பேசிய முதல் பேச்சு. பொய்யாகப் போய்விட்டது. இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் அதை மெய்யாக்கிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள்,
வீட்டுக்காரி