அண்ணி எழுதிக் கொடுத்த சான்று

அன்பு அண்ணி, குறுக்கே பேசாமல் ஒருதடவை முழுசாகப் படித்துவிடுங்கள்,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. அண்ணன் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் வைக்கிற ரசத்தைக் குடித்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அம்மா வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இன்று நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நான் வசமாக மாட்டிக்கொண்டேன். மாட்டிவிட்டதே நீங்கள்தான்.

நீங்கள் பேப்பரில் பார்த்து வெட்டி வைத்தீர்களே, திருச்சியில் சமூகப்பணிப் படிப்பு, அதற்கு விண்ணப்பம் வாங்கிவிட்டேன். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். பெயர், மதிப்பெண் எல்லாம் எழுதியாயிற்று. மாவட்டம் என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். அரியலூர் என்று எழுதிப் பழகுவதற்குள் மறுபடியும் நம்மைப் பெரம்பலூரில் சேர்த்துவிட்டார்களே. மாவட்டத்தையே இங்கேயா அங்கேயா என்று அலையவிட்ட ஊரில் பிறந்துவிட்டு, நான் மட்டும் எப்படித் தெளிவாக இருப்பேன்?

ஐந்தாம் பகுதி, ஊதியம் பெறாமல் செய்த சேவை. ஆறாம் பகுதி, ஊதியம் பெற்ற வேலை. ஒரு பணியை ஒரே பகுதியில்தான் எழுத வேண்டும் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஐந்தில் இரண்டு வருஷம் காட்டினால் முன்னுரிமை உண்டு. என் மதிப்பெண்ணுக்கு அது இல்லாமல் இடம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகிவிட்டது. ஆலத்தியூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, சிமெண்ட் ஆலையில் வேலை. ஆள் நல்லவராம். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை, எனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுதுவதற்கு என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. நம் ஊர்ப் பெண்களை மீன்சுருட்டியில் பஸ் ஏற்றி, ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வீடு திரும்பும்வரை நீங்களும் நானும் கூட இருந்தோமே, அந்த மூன்று வருஷம். பிரசவத்துக்குப் போனால் காசு கிடையாது. வெந்நீர் பிடிப்போம், துணி அலசுவோம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடப்போம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனால் மட்டும், 'கூட்டி வந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, அரசாங்கம் தருகிற சிறு தொகையை வாங்கிக்கொள்வோம்.

"அது கூலி இல்ல செல்வி, பஸ்ஸுக்கும் காப்பிக்கும் குடுக்கறாங்க" என்பீர்கள். பாதிக்குமேல் பஸ்ஸிலும் காப்பியிலும்தான் போயிற்று. மிஞ்சியதில் நான் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். இதோ கையில் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டையும் பிரித்து எழுதலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. பிரசவம் ஆன மறுநாளே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்! முதல் நாள் சேவை, மறுநாள் வேலை என்றா எழுதுவேன்? சரி, மொத்தத்தையும் ஆறில் போடலாம் என்றால், அதற்கு வேலை கொடுத்தவரின் சான்று வேண்டுமாம். வார்டு நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டேன். நீ என்ன இங்கே ஸ்டாஃபா என்று சிரித்துவிட்டார்.

ஐந்தாம் பகுதிக்கோ சான்று தயாராக இருக்கிறது. கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது தலையணையில் சாய்ந்துகொண்டு எழுதினீர்களே. 'இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எந்த ஊதியமும் பெறாமல்' என்று எழுதி, மகளிர் மன்றச் செயலாளர் என்று முத்திரையும் குத்திவிட்டீர்கள். அன்று உங்களோடு வாதாட எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் அதை ஜெயங்கொண்டத்தில் லேமினேஷன் செய்துகொண்டு வந்துவிட்டார். இனி ஒரு எழுத்தையும் திருத்த முடியாது.

அதை வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்கு உறுத்தியது பணம் மட்டும் இல்லை, வள்ளியும்தான். கிழக்குத் தெரு வள்ளி ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது குழந்தை பிறந்த கொஞ்ச நாளில், ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா அக்கா என்று என்னிடம் கேட்டாள். தள்ளிப்போட்டால் அப்புறம் போகவே மாட்டாய், நான் கூட இருக்கிறேன் என்று சொல்லி அழைத்துப்போனேன். உங்களிடம் இதை நான் சொல்லவே இல்லை. அவள் நல்லதுக்குத்தான் சொன்னேனா? அந்த வாரம்தான் கடிகாரக் கடையில் விலை கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டுக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, உன்னை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனதற்கு எனக்குக் காசு கொடுத்தார்கள் என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. "உங்களுக்கா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"நீங்க கைக்காசப் போட்டு எனக்கு இட்லி வாங்கித் தந்தீங்கன்னு எங்கம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேங்க்கா. இன்னிவரைக்கும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஆபரேஷன் செய்துகொண்டதில் உனக்கு வருத்தமா என்று கேட்டேன். என்ன கேள்வி அது, கேட்டிருக்கவே கூடாது. அவள் இன்னொரு கொட்டையை எடுத்து வைத்துத் தட்டினாள்.

"இப்பக் கேட்டு என்னக்கா பண்ணப் போறீங்க? டீ குடிச்சிட்டுப் போங்க."

அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஐந்தாம் பகுதியில் ஒரு கோடு போட்டேன். மூன்று வருஷத்தையும் ஆறாம் பகுதியில் எழுதினேன். எதற்குக் காசு வாங்கினேன், எதற்கு வாங்கவில்லை, சான்று ஏன் இல்லை என்று தனித்தாளில் எழுதி இணைத்தேன். உங்கள் சான்றை வைக்கவில்லை.

அண்ணன் பார்த்துவிட்டார். "அப்ப, சாகறப்ப அவ பொய் எழுதிட்டுப் போயிட்டாங்கிறியா?"

அண்ணி, நான் என்ன சொல்லட்டும்? "அவங்க என்னைப் பாத்தது அப்படிண்ணே. நான் அப்படி இல்ல" என்றேன். அவர் சான்றை எடுத்துப்போய் உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். இன்று காலையில் தட்டை வைத்துவிட்டு, என் பெயரைச் சொல்லாமல் யாரையோ சாப்பிடச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அந்தத் தனித்தாளை அங்கே யாராவது படிப்பார்களா, ஐந்தில் கோடு என்றதும் ஓரமாகத் தள்ளிவிடுவார்களா? மனசு லேசாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆலத்தியூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், அம்மா என் பட்டுப்புடவையை வெயிலில் போட்டிருக்கிறார். உங்களுக்கு என்மேல் வருத்தம் இருக்கும். எனக்கும் உங்கள்மேல் கொஞ்சம் இருக்கிறது. அவ்வளவு நல்லவளாக என்னை ஏன் எழுதி வைத்தீர்கள்?

அடுத்த வாரம் நம் ஊர்த் தனம் ஆபரேஷனுக்குப் போகிறாள். நீங்கள் இல்லாததால் என்னைத்தான் கூட வரச் சொல்லியிருக்கிறாள். பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுவேன், இதற்கு எனக்குக் காசு உண்டு என்று. இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா என்று அவள் கேட்டால், உன் இஷ்டம் என்று சொல்லித் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடுவேன். எல்லாம் கேட்ட பிறகும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினால், ஏறட்டும். இனிமேல் யாரைக் கூட்டிப்போனாலும் இப்படித்தான், உங்கள்மேல் சத்தியம்.

நீங்கள் எழுதியபடி ஆகப் பார்க்கிற,
உங்கள் நாத்தனார்
செல்வி