விரல் நுனியில் ஓடியது

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. துணி எதுவும் காயவில்லை. புது அக்குபங்சர் ஊசிப் பெட்டி வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்தது. உறை கிழியவில்லை.

என் மகள் மகிழுக்கு மூக்கு ஒழுகல், லேசான இருமல். பூண்டி மலைக்குளிரில் இரண்டு வயதுக் குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருக்குமா. இருக்காது. எழுதினால் மனசு அடங்கும் என்று எழுதுகிறேன்.

வைத்தியம் பார்க்கும் முன்னறைக்கு இன்று ராசாத்தி அக்கா. பூண்டு நடவுக்குப் போகிறவர். வலது தோளில் வலி, கையைத் தூக்க முடியவில்லை. நாடி பார்த்தேன். இடது மணிக்கட்டில், மூன்றாவது விரலுக்கு அடியில், சிறுநீரக நாடி. மெலிந்து, வேகமாக. ஐந்து மூலகக் கணக்கில் சிறுநீரகம் என்றால் நீர். நீருக்கு உரிய உணர்ச்சி பயம். உள் கணுக்காலில் ஒரே ஊசி.

"உள்ளுக்குள்ள ஏதோ பயம் இருக்குக்கா உங்களுக்கு."

"எனக்கா? தோட்டத்துல காட்டுமாடு நின்னாலே தகரத்தத் தட்டி வெரட்டுறவ நானு. வலி இங்கன கெடக்கு, நீ காலுல குத்துறியே தாயி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை தூக்க முடிகிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். உள்ளே மகிழ் இருமினாள்.

நவ. 12, புதன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கேரட் லோடு ஏற்ற வீட்டுக்காரர் வெள்ளனே கிளம்பிவிட்டார்.

மகிழுக்குக் காய்ச்சல். சோறு வேண்டாம் என்கிறாள். படிக்கும்போது ஆசிரியர் சொன்னது: காய்ச்சல் உடம்பு செய்கிற வேலை, குறுக்கே போகாதே. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். அப்போது எனக்குக் குழந்தை இல்லை.

ஜீப் ஓட்டும் தம்பிக்கு இடுப்பு வலி. கூக்கால் ஊரிலிருந்து வந்த டீச்சருக்குத் தலைவலி. இருவருக்கும் சிறுநீரக நாடி. இருவருக்கும் கணுக்கால்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"ஏ புள்ள, ஊரு பூராவுக்கும் ஒரே சீக்கா? தண்ணியில எதையும் கலந்துட்டாய்ங்களா?"

கிண்டல். நான் சிரிக்கவில்லை.

"பாப்பாவ நாளைக்குக் கோடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமா?"

"நாடி பாத்துட்டுச் சொல்றேங்க."

நவ. 13, வியாழன்

விடியும்போதே மகிழுக்கு இளைப்பு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. நுரையீரல். உலோகம். புள்ளி தெரியும். குழந்தைக்கு ஊசி கிடையாது, விரலால் தொட்டால் போதும் என்பது பாடம். ஆனால் முதலில் நாடி. அவள் மணிக்கட்டில் என் விரல் ஒன்றுக்குத்தான் இடம். வைத்தேன்.

அதே ஓட்டம். மெலிந்து, வேகமாக. பயம்.

இரண்டு வயதில் எதைப் பார்த்துப் பயம்? விரலை எடுத்துச் சுவரில் அழுத்தினேன். சுவரிலும் ஓடியது.

ராசாத்தி அக்கா, ஜீப் தம்பி, டீச்சர். மூன்று பேர் கையிலும் நான் பார்த்தது என் நாடியை. முதல் நாள் பாடமே இதுதான்: உன் மூச்சு அடங்கிய பிறகு அடுத்தவர் கையைத் தொடு.

"என்னங்க, வண்டிய எடுங்க."

"நாடி பாத்தியா?"

"எனக்குத் தெரியலங்க. வெரசா எடுங்க."

கோடைக்கானல். ஆஸ்பத்திரி. நிமோனியா என்றார் டாக்டர். ஆக்சிஜன் வைத்தார்கள்.

"நேத்தே வந்திருக்கலாமே. வீட்ல என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல சார்."

ஒரு பார்வை. அவ்வளவுதான். மகிழ் புறங்கையில் ஊசி ஏற்றியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள்.

நவ. 18, செவ்வாய்

நேற்று வீடு வந்தோம். இன்று நல்ல வெயில், துணி எல்லாம் காய்ந்தது. மகிழ் ரசம் சாதம் சாப்பிட்டாள். பாதி பூனைக்கு.

முன்னறையைத் திறக்கிற எண்ணமில்லை. ராசாத்தி அக்கா வந்து நின்றார். பாப்பாவை விசாரித்தார். கையை நீட்டினார்.

"இன்னைக்கு வேணாமேக்கா."

"சோலிய விட்டுட்டு வந்திருக்கேன். பாரு தாயி."

வெந்நீரில் கை நனைத்துத் துடைத்தேன். சும்மா உட்கார்ந்தேன். உள்ளே மகிழ் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தாள். விரலைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். சுவர் சுவராக இருந்தது. பிறகு அக்கா கையைத் தொட்டேன். பயம் எதுவும் இல்லை. நடுவிரலுக்கு அடியில், இழுத்துக் கட்டிய கம்பி போல ஒன்று. கல்லீரல். மரம்.

"கோவமா இருக்கீங்களாக்கா?"

"இல்லாம? தோளு வலின்னு வந்தவளப் பயந்தாங்குளின்னு சொல்லி அனுப்பிட்ட. கையத் தூக்க முடியாம மறுநா நடவுக்கே போகல நானு."

"தப்பு எம்மேலதாங்க்கா. அன்னைக்கி பயந்தது நான்."

"அதச் சொல்றதுக்கு இத்தன நாளா? சரி, குத்து."

பெருவிரலுக்குப் பக்கத்தில், பாதத்தின் மேல்.

"இப்பவும் காலுதானாத்தா!"

ஊசியை எடுத்த பிறகு கையைத் தூக்கச் சொன்னேன். காது வரை வந்தது. நாளையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

இரவு மருந்து கொடுத்தாயிற்று. மகிழ் தூங்குகிறாள். மூச்சுச் சத்தம் கேட்கிறது. நாடி பார்க்கக் கையைத் தொடவில்லை.