வெள்ளச்சி வயிற்றில் குடியிருப்போர்

ஆவணி 20, வெள்ளி
விடியலில் தூறல். கடை திறக்கத் தாமதம்.
நேற்று தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். சோறு அண்டா நிறைய மிச்சம். கொட்ட மனம் வரவில்லை. சாயங்காலம் எங்கள் பசு வெள்ளச்சிக்கு வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்றது. இன்று படுத்துவிட்டது. இடப்பக்கம் உப்பல். சாணி தண்ணீராக, புளித்த மாவு வாடை. அசை போடவில்லை. சினை வேறு.
அதைக் கன்றிலிருந்து வளர்த்தவள் என் மனைவி செல்லம். "மாட்டுத்தீவனம் விக்கிற மனுசனுக்கு இது தெரியாதா? அவளுக்கு ஏதாச்சும் ஆகட்டும்..." அதோடு சரி. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.
தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் சோறு வைக்காதீங்க என்று நானேதான் சொல்கிறேன். வீணாகிறதே என்றதும் புத்தி வேலை செய்யவில்லை.

21, சனி
கால்நடை டாக்டரம்மா வந்தார். சலைன் ஏற்றினார், சோடா உப்பு கரைத்து ஊற்றினார்.
"மாடுதான் செரிக்கிதுன்னு நெனச்சீங்களாண்ணே? வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கோடிக்கணக்கா உசுரு குடியிருக்கு. புல்லைச் செரிச்சுக் குடுக்குறது அதுகதான். நீங்க சோத்தக் கொட்டுனதும் புளிக்க வைக்கிற கூட்டம் மட்டும் பெருகிருச்சு. அந்தப் புளிப்புல மத்ததெல்லாம் செத்துப்போச்சு."
என் கணக்கில்: குடோன் நிறையச் சரக்கு, இறக்க ஒரு லோடுமேன் இல்லை.
வழி? நல்ல மாட்டு வயிற்றுத் தண்ணீரை எடுத்து இதற்கு ஊற்றி, அந்த உயிர்களை மறுபடி குடியேற்ற வேண்டுமாம். வைக்கோலும் புல்லும் மட்டும் தின்கிற மாடாக இருந்தால் நல்லது.
என் வாடிக்கையாளர் மாடெல்லாம் மூட்டைத் தீவனம். மிச்சம் கீழத்தெரு சின்னையாவின் மாடுதான். இதுவரை என்னிடம் ஒரு மூட்டை வாங்கியதில்லை. ‘வைக்கோல் ஜமீன்’ என்று கடையில் உட்கார்ந்து பேர் வைத்தவனே நான்.

22, ஞாயிறு
டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு சின்னையா வீட்டுக்குப் போனேன். வேறு வழி?
"வாங்க மொதலாளி. என்ன, ஜமீன் வாசலுக்கு வந்துட்டீங்க?"
அவர் காதுக்கும் போயிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.
"வயித்துத் தண்ணிதான? எடுத்துக்கங்க, ஊறிக்கிரும். அந்தப் பேர மட்டும் மாத்திராதீங்க. நல்லாருக்கு."
மாட்டின் வாய்வழியே குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார் டாக்டரம்மா. பச்சையும் பழுப்புமாக, வெதுவெதுப்பாக, குமட்டும் நாற்றம். ஆறக் கூடாதாம். கேனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வேட்டி போச்சு. மிச்சத்தை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வெள்ளச்சிக்கு ஊற்றினோம்.
"கன்னுக்கு உத்தரவாதம் இல்லண்ணே. பாப்போம்."

23, திங்கள்
கடையில் ஒருவர், என் காதுபடவே: "தீவனக் கடை மாட்டுக்கே வயிறு செரியில்லையாம்ல!" சிரித்துவைத்தேன்.
வெள்ளச்சி எழுந்து நின்றது. வைக்கோலை மோந்து பார்த்தது. அவ்வளவுதான். செல்லம் எனக்குத் தட்டில் சோறு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

24, செவ்வாய்
மழை. தவிட்டு லோடு நனையாமல் இறங்கியது. டாக்டரம்மா வந்து வெள்ளச்சி வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். கன்று உள்ளே உதைக்கிறதாம்.
சாணி கெட்டிப்பட்டிருக்கிறது. காலையில் இரண்டு கை வைக்கோல் உள்ளே போனது. மதியம் கடையை அடைத்துவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஈ ஓட்டியபடி. ரொம்ப நேரம். வெள்ளச்சியின் தொண்டையில் ஏதோ உருண்டு மேலே வந்தது. தாடை இடமும் வலமுமாக, மெதுவாக. அசை.
கூப்பிடத் திரும்பினேன். செல்லம் ஏற்கெனவே வாசலில் நின்றாள்.
"அவ தின்னுட்டா. நீங்களும் வந்து தின்னுங்க."