உன் அம்மாவின் ஒருபொழுது

மாரண்டஹள்ளி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அன்பரசிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அந்த வரியை உண்மையாக எழுத முடியாத நிலையில் இருப்பதால், உன் கால் வலி எப்படி இருக்கிறது, இரவில் உறக்கம் வருகிறதா, அங்கே பயிற்சி விடுதியில் குளிர் குறைந்ததா என்ற கேள்விகளோடு தொடங்குகிறேன். போனில் பேசலாமே என்று நீ நினைக்கலாம். சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

உன் ஸ்கேன் படத்தைச் சேலத்திலுள்ள விளையாட்டு மருத்துவரிடம் காட்டினேன். கீழ்க்கால் எலும்பில் விழுந்திருக்கும் மயிரிழை விரிசல் அடிபட்டு வந்தது அல்ல, பட்டினியால் வந்தது என்றார். நீ ஓடும் ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியை உடம்பு முதலில் கொடுத்துவிடுகிறதாம். மிஞ்சுவதை வைத்துத்தான் எலும்பு, இரத்தம், இதயம், கருப்பை எல்லாவற்றையும் நடத்த வேண்டும். மிஞ்சுவது போதாமல் போனால், மின்சாரம் குறைந்த ஊரில் ஒவ்வொரு தெருவாக விளக்கை அணைப்பதைப் போல உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வரும் என்று விளக்கினார். உனக்கு மாதவிலக்கு நின்று பல மாதங்களாகிவிட்டதை உன் அறைத்தோழி சுசித்ரா சொல்லித்தான் உன் அம்மாவுக்குத் தெரிந்தது. தகப்பன் மகளுக்கு எழுதத் தகாத விஷயம் இது, ஆயினும் எழுதுகிறேன். அது நின்றது பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் என்று அங்கே யாரோ உன்னிடம் சொன்னார்களாமே. அணைந்த தெருக்களில் அதுவும் ஒன்று. இப்போது ஓட்டம் இல்லாததால் சோறும் வேண்டாம் என்று நீ இன்னும் குறைத்துவிட்டாயாம். விரிசல் ஒன்றுசேர்ந்து ஆறுவதற்கு, ஓடுகிற காலத்தைப் போலவே உடம்புக்கு உணவு வேண்டும் என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு திரும்பினேன். கேட்க வேண்டியவள் நீ.

திங்கட்கிழமை தோறும் உங்களை எடை பார்ப்பதும், அதற்கு முந்திய நாள் நீ தண்ணீரைக்கூட அளந்து குடிப்பதும் எனக்குத் தெரியும். முத்திரை ஆய்வாளராக வேலை செய்பவன் நான். பாலக்கோடு தக்காளி மண்டியிலிருந்து ரேஷன் கடை வரை தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவதே என் உத்தியோகம். தராசு பொய் சொல்லாது; ஆனால் கேட்ட ஒன்றை மட்டுமே சொல்லும். மேலே வைத்தது எவ்வளவு என்று சொல்லுமே தவிர, குறைந்தது கொழுப்பா, எலும்பா, உயிரா என்று சொல்லாது. இதை உன் பயிற்சியாளருக்கும் மரியாதையாக எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

ஆடித் திருவிழாவில் மாரியம்மன் கோயிலில் உனக்குத் துலாபாரம் கொடுத்தோமே, நினைவிருக்கும். முந்திய ஆண்டு உன் எடைக்கு எவ்வளவு வெல்லம் பிடித்ததோ அதே அளவு வாங்கி வந்திருந்தோம். வழக்கப்படி நான் தராசின் முள் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் உன்னை உட்காரச் சொன்னேன். உன் தட்டு இறங்கவே இல்லை. பூசாரி எதிர்த் தட்டிலிருந்து வெல்ல உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மண்டிக்காரர் மாது, "சாரு பொண்ணு பூ மாதிரி ஆயிட்டாங்க, இனி மெடலு எங்கயும் போவாதுங்க" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். உன் அம்மா மட்டும் சிரிக்காமல், இறக்கிய வெல்லத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டு நின்றாள். நீ விடுதிக்குக் கிளம்பிப் போனதும் அம்மன் முன்னால் நின்று ஒரு வேண்டுதல் வைத்தாள். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினாள். கொடுத்த வாக்கை நான் மீறுவதில்லை என்பது உனக்குத் தெரியும். இன்று மீறுகிறேன்.

வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று உன் வாயால் நீ சொல்லும்வரை அவள் ஒருபொழுது இருக்கிறாள். பகலில் ஒரு வேளைச் சாப்பாடு. காலையிலும் இரவிலும் வெறும் தண்ணீர். ஞாயிறு மாலை போனில் அவள் வேறு எதைப் பேசினாலும் கடைசியில் "வயிறாரச் சாப்ட்டியா கண்ணு" என்று கேட்பதை நீ வெறும் பழக்கம் என்று எண்ணியிருப்பாய். நீ ஒவ்வொரு முறையும் "பசிக்கலம்மா" என்கிறாய். அவள் போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்துவிடுகிறாள். எனக்கு மட்டும் களி கிண்டி, அவரைக்காய்க் குழம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்காருகிறாள்.

அவளுக்குச் சர்க்கரை இருப்பதை நீ மறந்திருக்க மாட்டாய். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவளுக்கு என்ன ஆகும் என்று நான் பல முறை எடுத்துச் சொன்னேன். "அவ அரை வயித்தோட அந்த ஓட்டம் ஓடறா, நான் வூட்டுல குந்திக்கிட்டு மூணு வேளை திங்கணுமாங்க" என்றாள். போன வாரம் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். கீரை விற்கும் குள்ளம்மாள்தான் தாங்கிப் பிடித்து, சோடாவில் சர்க்கரை கலந்து வாயில் ஊற்றியிருக்கிறார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்ததும் அத்தனை பேர் முன்னால், "ஊர்ல இருக்கற தராசெல்லாம் பாக்கறீங்களே சார், வூட்டுல பொண்டாட்டி பாதியா போயிட்டாங்க, அது கண்ணுக்குத் தெரியிலீங்களா" என்று கேட்டார். அவளை வீட்டில் சேர்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். உடல்நலம் குன்றியவருக்கு விலக்கு என்று ஏதாவது விதி இருக்குமே என்று பூசாரியிடம் கேட்டேன். "நேந்தவங்கதான் முடிக்கணும்ங்க சார், பாப்பா ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதுங்க" என்று கூறிவிட்டார். அவளுக்குச் சர்க்கரை பார்க்கும் மருத்துவர் அதட்டிப் பார்த்தார். உன் சித்தி பாலக்கோட்டிலிருந்து வந்து அழுது பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

நீ ஓடுவதற்காகப் பட்டினி கிடக்கிறாய், அவள் நீ உண்பதற்காகப் பட்டினி கிடக்கிறாள். நடுவில் மூன்று வேளையும் உண்டுகொண்டு நான் இருக்கிறேன். எந்தத் தட்டில் எதை வைத்தால் இது நேராகும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ராகி மாவும் வறுத்த கடலையும் இருக்கின்றன. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை. அடியில் துணியில் முடிந்து வைத்திருப்பது துலாபாரத் தட்டிலிருந்து இறக்கிய வெல்லம். ஆடியிலிருந்து அதைக் காபிக்குக்கூட எடுக்க விடாமல் உன் அம்மா பானையில் வைத்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் எடுத்து அனுப்புகிறேன். உன் உடம்பில் குறைந்த எடை அது. கையில் எடுத்துப் பார். அதில் கொஞ்சமாவது தின்பாய் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை.

எல்லா நலமும் பெற்று, முழு ஆயுளோடு நீ இருக்க வேண்டும். மெடல் வேண்டாம், காலும் உயிரும் போதும் என்பதே என் ஆசி. கால்சியம் மாத்திரையை உணவோடு சேர்த்துப் போடு. கடைசியாக ஒன்று. பொய் சொல்லக் கூடாது என்று சொல்லியே உன்னை வளர்த்தேன், நீயும் இதுவரை சொன்னதில்லை. இந்த ஞாயிறு உன் அம்மா கேட்கும்போது, சாப்பிட்டிருந்தால் சாப்பிட்டேன் என்று சொல். சாப்பிட்டிருக்காவிட்டாலும் சாப்பிட்டேன் என்றே சொல். உண்மையை எனக்குத் தனியாக எழுது, நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள் இருவரில் ஒருவராவது அன்று இரவு சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கு. மாதவராஜ்