போனில் நான் பாதி சொன்னது

போடி
12.10.2025, ஞாயிறு

அன்பு மகள் நிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே உனக்கும் உன்னோடு நாடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே இருக்கட்டும். கையில் போன் இருக்கும்போது தாள் தாளாக எழுதி உன்னைப் படிக்க வைப்பதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். போனில் என்றால் நீ கேட்பதற்கெல்லாம் ம் ம் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன், அது உனக்கே தெரியும். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் என்று எனக்குப் பெயர், ஆனால் பேங்க் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் ஊர் எது என்று கேட்டதற்கே நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தவள். பேனா பிடித்தால்தான் எனக்கு வார்த்தை வரும். மூன்று வாரமாக ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன், முதலிலேயே கேட்டுவிட்டால் மேற்கொண்டு எழுத எனக்கு வராது.

மழை பிடித்துக்கொண்டது. போடிமெட்டு ரோட்டில் பதினோராவது வளைவில் கல் சரிந்து அப்பா ஜீப்பை அரை நாள் நிறுத்திவிட்டார், எஸ்டேட்டுக்குப் போன பெண்கள் எல்லாம் இறங்கி நடந்தே போனார்களாம். தேவாரத்தில் ஈஸ்வரன் மாமா தோட்டத்தில் மறுபடியும் யானை வந்தது, வாழையைத் தொடவில்லை, புதிதாகப் போட்ட சொட்டுநீர்க் குழாயை மட்டும் உருவி எடுத்துப் பந்தாகச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மாமா போனில் பத்து நிமிடம் யானையைத் திட்டினார், கடைசியில் பசிக்காகத் தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்றார். உனக்கு மாமா ஒரு தார் வாழை எடுத்து வைத்திருக்கிறார், தீபாவளிக்கு நீ வரவில்லை என்று சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நீ ரொம்ப மெலிந்துவிட்டாய். வீடியோவில் பின்கழுத்து எலும்பு தெரிகிறது. முடியை வெட்டியதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் மேடையில் செருப்பில்லாமல் ஈரச் சிமெண்டில் மணிக்கணக்காக நிற்காதே.

வீடியோ என்றதும் உனக்குப் புரிந்திருக்கும். உன் நாடகத்தை முதலில் பார்த்தது அப்பாதான், ஜீப்பில் வந்த பெண்கள் யாரோ காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் போனை நீட்டி, மேசைக்கு முன்னால உக்காந்திருக்கிறது நம்ம பிள்ளைதேன், மூஞ்சி தெரியல, முதுக வச்சே கண்டுபிடிச்சிட்டேன், அச்சு அசல் ஒம் முதுகு என்றார். அவருக்கு ஒரே பெருமை. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஏலக்காய் பொறுக்கும் நான்கு பெண்கள். ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால், காய் எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று வாசலில் காவலாளி முன்னால் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. யார் போனது, எத்தனை மணிக்கு, காய் இருந்ததா என்று எழுதிக்கொள்ள ஒரு கணக்குப்பிள்ளை. சனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் ‘இல்லை’ என்று எழுதுகிறாள், முதலிலிருந்து முடிவு வரைக்கும் அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. இயக்குநரான நீயே அவளாக நடித்திருந்தாய். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது காலை மடித்துப் போட்டுக்கொண்டு. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் விட்டு, நான் கணக்கு எழுதும் ஏலக்காய்க் குடோனுக்கு வந்து எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பாயே, அப்போதே நீ இதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எனக்கு வலித்தது பாப்பா, மறைக்கவில்லை. பெற்ற பிள்ளை நம்மை வாயில்லாதவளாக ஊருக்குக் காட்டிவிட்டாளே என்றுதான் இருந்தது. அதனால்தான் முதல் வாரம் பேசவில்லை. அடுத்த இரண்டு வாரம் பேசாததற்குக் காரணம் வேறு, அது என் தப்பு.

குடோனில் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒச்சம்மாள் அக்கா தன் போனைச் சல்லடையில் சாய்த்து வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உன் நாடகத்தைப் பார்த்தார்கள். உன் பிள்ளைகள் ஒவ்வொரு காயாக நுனிவிரலில் எடுப்பதைப் பார்த்து, ஏலக்காய் பொறுக்குறாளா பேன் பார்க்குறாளா, இந்த வேகத்துல போனா ஒரு மூடைக்குப் பங்குனி வந்துரும் என்று சிரித்தார்கள். உன் பிள்ளைகளை ஒருநாள் இங்கே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வை, தட்டை ஒரு குலுக்குக் குலுக்கி வெடித்த காயையும் வெளுத்த காயையும் ஒரே தள்ளலில் ஒதுக்குவதை ஒச்சம்மாள் அக்கா சொல்லிக்கொடுப்பார். பிறகு அந்த வாசல் கட்டம் வந்தது. அக்கா, முந்தானையவா உதறச் சொன்னாக, முந்தானைன்னா நாங்க ஒரு நாளைக்கு நாலு தடவ போயிட்டு வந்திருப்போமே என்றார். மறுபடியும் ஒரு சிரிப்பு. சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே அக்கா, பாவம், ஒம் மககிட்ட யாரோ வெவரம் தெரியாதவுக சொல்லியிருக்காக என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வெவரம் தெரியாதவள் நான்தான். சித்திரையில் நீ போன் பண்ணி, வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கு நடப்பதை எல்லாம் கேட்டு எழுதுகிறேன், உங்கள் குடோனில் என்னம்மா நடக்கிறது என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் நின்று சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் முந்தானை வரைக்கும்தான் வந்தது. முந்தானை இல்லை பாப்பா, கொசுவம். இடுப்பில் செருகியிருக்கும் கொசுவத்தை வெளியே உருவி, விரித்து உதறிக் காட்டி, அங்கேயே நின்று மடித்துச் செருகிக்கொண்டு போக வேண்டும். காவலுக்கு இருக்கிற மொக்கையன் அண்ணன் மட்டும் இல்லை, லோடு ஏற்றுகிறவர்கள், டிரைவர்கள் எல்லாம் அந்த வாசலில்தான் நிற்பார்கள். மாதத்தில் அந்த மூன்று நாளும் பாதிப் பேர் வேலைக்கே வருவதில்லை. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நீ சின்ன வயதில் பார்த்த முதுகு அதுதான், பார்க்காமல் இருப்பதற்காகத் திருப்பிக்கொண்ட முதுகு. பதினோரு வருடம் பார்க்காமலேயே ‘இல்லை’ என்று எழுதினேன். ஒருநாள்கூட ஒரு காய்கூட இருந்ததும் இல்லை.

இதை உன்னிடம் எப்படித் திருத்திச் சொல்வது என்று இரண்டு வாரம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன், அதற்குள் வீடியோ மேனேஜர் ராஜாராமுக்கும் போய்விட்டது. போன வியாழக்கிழமை இருபத்தெட்டுப் பேரையும் நிற்க வைத்து, உங்களில் யாரையாவது இங்கே முந்தானையை உதறச் சொல்லியிருக்கிறோமா என்று கேட்டார். யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை. எப்படித் திறப்பார்கள், யாரையும் சொன்னதில்லையே. உடனே என்னிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, நல்ல கையெழுத்து உங்களுக்குத்தானே, எழுதுங்கம்மா என்றார். எங்கள் குடோனில் பெண்களை முந்தானை உதறச் சொல்லும் வழக்கம் இல்லை, நாடகத்தில் வருவது உண்மை இல்லை, இப்படிக்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதை வக்கீல் மூலமாக உங்களுக்கு அனுப்பி வீடியோவை எடுக்க வைப்பார்களாம். நிலா, நான் எழுதினேன். வழக்கம் இல்லை என்பது வரைக்கும் எழுதினேன். எழுத்துக்கு எழுத்து உண்மை அது. வெட்கப்பட்டு நான் விழுங்கிய பாதி அவர் கைக்குச் சாதகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட முதலில் வந்தது ஒச்சம்மாள் அக்கா. ரேஷன் கடைத் தாளோ பேங்க் தாளோ எதுவானாலும் என்னிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார், அதே மாதிரி குனிந்து, “இதுல பொய்யி ஒண்ணுமில்லையே தாயி?” என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. என்னை நம்பித்தான் கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்து சத்தம் போட்டது, அந்தச் சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. “பொய்யி இல்லக்கா, ஆனா பாதிதேன்” என்றேன். பிறகு மேனேஜரைப் பார்த்து, “எம் மககிட்ட நாந்தேன் சார் சொன்னேன். வெக்கப்பட்டுப் பாதிதேன் சொன்னேன். முந்தானை இல்ல சார், கொசுவம்” என்றேன். இவ்வளவுதான் பேசினேன், அதற்குமேல் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் மீதியை அந்தத் தாளிலேயே, முதல் வரிக்குக் கீழே எழுதினேன், கொசுவத்தை உருவி உதறச் சொல்லும் வழக்கம் இருக்கிறது, பதினோரு வருடத்தில் ஒருவரிடமும் ஒரு காய்கூட இருந்ததில்லை என்று. எழுதி நானே முதலில் கையெழுத்துப் போட்டேன். ஒச்சம்மாள் அக்கா, பெரியம்மாள் என்று பத்தொன்பது பேர் போட்டார்கள். ஒன்பது பேர் போடவில்லை, அவரவர் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அவர்களைத் தப்பாக நினைக்காதே. மேனேஜர் தாளை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார், அது இப்போது அக்காவின் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது.

மறுநாள் பெரியம்மாள் வெளியே போக எழுந்து வந்தபோது, மொக்கையன் அண்ணன் குடத்தைத் தூக்கிக்கொண்டு, எனக்குத் தண்ணி எடுக்குற சோலி இருக்கு என்று ரோட்டுப் பக்கம் போய்விட்டார். நேற்றும் அப்படித்தான், யார் எழுந்தாலும் அவருக்குத் தண்ணீர்ச் சோலி வந்துவிட்டது. இரண்டு நாளில் வாசலில் ஆறு குடம் நிரம்பியிருக்கிறது. ஆனால் இதெல்லாம் முதலாளி கொச்சியிலிருந்து வரும் வரைக்கும்தான். புதன்கிழமை வருகிறார். அதுவரை கணக்கு நோட்டைத் தொடக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டதால் நான் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வேலை இருக்குமா என்று தெரியாது. வியாழக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, பதினோரு வருசமா ஒன்ன அந்த வாசல்ல எறக்கிவிட்டுட்டு ஆரன் அடிச்சிட்டுப் போயிருக்கேன் என்றார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பை நிறுத்தி இறங்கி, என்னோடு மேசை வரைக்கும் நடந்து வந்தார். நான் மேசையை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன், ஒரு பக்கம் அவர்தான் பிடித்தார்.

நீ பயப்படாதே. வேலை போனாலும் வீடு நடக்கும். ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், பருப்புப்பொடியும் கொஞ்சம் ஏலக்காயும் இருக்கிறது, காய் கடையில் வாங்கியது, பயமில்லாமல் போடு. ஒத்திகை ஒத்திகை என்று வேளை தவறிச் சாப்பிடாதே. உன்னோடு நடிக்கும் பிள்ளைகள் எங்கே போனாலும் வெரசாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அவர்களைப் பெற்றவர்களும் என்னைப்போலத்தான் இருப்பார்கள். தண்ணீர் நிறையக் குடி, மறக்காதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி நடக்கட்டும், உன் குரல் எந்த ஊர் மேடையிலும் அடைபடாமல் இருக்கட்டும்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். வீடியோவை எடுக்கச் சொல்லப்போகிறேன் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருப்பாய். எடுக்காதே. தப்பைத் திருத்தி அடுத்த தடவை நடிக்கும்போது, கொசுவம் என்று தெரிந்துவிட்டதே என்று உன் பிள்ளைகளை மேடையில் அதைச் செய்துகாட்டச் சொல்லிவிடாதே. இங்கே வாசலில் நின்று பார்த்தவர்கள் போதும், அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டும் பார்க்க வேண்டாம். அவர்கள் வாசல் வரைக்கும் வந்து நிற்கட்டும். முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறாளே, அவள் எழுந்து திரும்பிச் சனங்களைப் பார்த்து அதை வாயால் சொல்லட்டும். அவளுக்கு ஒரே ஒரு வசனம் கொடு தாயி. நீளமாக வேண்டாம், அவளுக்கு நீளமாகப் பேச வராது. அவள் எழும்போது நாற்காலியை யாரும் பிடிக்க வேண்டாம், அது பின்னால் விழட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
வித்யா